ஆமென் சொல்லப் பழகுதல்: பர்மாவில் தமிழ் ஆராதனைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

யாங்கூனில் எங்கள் கிறிஸ்தவக் கோயில் வாசலில் நின்று பாட்டுப் புத்தகம் கொடுக்கும் வேலை பல ஆண்டுகளாக என்னுடையது. புதிதாக வருகிறவர்களை அவர்கள் கைகளைப் பார்த்தே கண்டுகொள்வேன். புத்தகத்தை வாங்கியதும் எந்தப் பக்கத்தைப் பிரிப்பது என்று தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு உள்ளே போய், மற்றவர்கள் எழுந்து நின்றபின் ஒரு நொடி தாமதித்து எழுவார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தபின் ஒரு நொடி தாமதித்து உட்காருவார்கள். "அக்கா, எப்போது எழுந்து நிற்க வேண்டும்?" என்பதுதான் அவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி.

நாலைந்து வாரம் வந்த பிறகு இன்னொரு கேள்வி வரும். தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். "எல்லாரும் செய்வதை நானும் செய்கிறேன். ஆனால் எனக்குள் ஒன்றும் நடக்கவில்லையே, ஏன்?"

இந்த இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். திருமணமாகிக் கிறிஸ்தவக் குடும்பத்துக்குள் வந்தவர்கள், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து ஊரும் மொழியும் பழகாமல் இருப்பவர்கள், பக்கத்து வீட்டார் அழைத்ததால் வந்த இந்து, பௌத்தக் குடும்பத்துப் பிள்ளைகள், குழந்தையாக ஞானஸ்நானம் பெற்று இருபது ஆண்டுகள் கோயில் பக்கமே வராமல் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஆகிய எல்லாரையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

எந்தக் கோயில், எந்த மொழி

2014 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்த நாட்டில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான். அவர்களிலும் பெரும்பாலோர் கரேன், கச்சின், சின் இனத்தவர். தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதற்குள் ஒரு சிறு கை. அதனால் தமிழ் ஆராதனை எல்லா இடத்திலும் எல்லா வாரமும் கிடைக்காது. ஒரே கட்டடத்தில் காலையில் பர்மிய மொழி, பிறகு ஆங்கிலம், மாலையில் தமிழ் என்று மாறிமாறி நடக்கும் சபைகள் உண்டு. கத்தோலிக்கக் கோயில்களில் தமிழ்த் திருப்பலி, அதாவது பூசை, மாதத்துக்கு ஒரு முறை மட்டும் இருக்கலாம். ஆகவே முதல் வேலை, தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டு நேரத்தை உறுதி செய்துகொள்வது. வெளியே எழுதித் தொங்கவிட்ட நேரப் பலகையை மட்டும் நம்பாதீர்கள்.

தமிழ் ஆராதனைக்கே போக வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பர்மிய மொழி நன்றாகத் தெரிந்தால் பர்மிய ஆராதனைக்குப் போங்கள், குறையில்லை. ஆனால் புரியாத மொழியில் அழகாக நடக்கும் ஆராதனையை விட, புரிந்த மொழியில் எளிமையாக நடக்கும் ஆராதனை மேல். இது என் சொந்தக் கருத்து மட்டுமில்லை. கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில், அதாவது கடிதத்தில், 14-ஆம் அதிகாரத்தில், அப்போஸ்தலன் பவுல் இதைத்தான் கேட்கிறார்: நீ புரியாத பாஷையில் நன்றி சொன்னால், பக்கத்தில் இருக்கிற எளியவன் உன் நன்றிக்கு எப்படி ஆமென் சொல்லுவான்? இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவது எல்லாம் இதைச் சுற்றியே வரும்.

இந்த மண்ணிலேயே அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. அமெரிக்க பாப்டிஸ்டு மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813-இல் ரங்கூனில், இன்றைய யாங்கூனில், வந்து இறங்கினார். மொழியைக் கற்கவே ஆண்டுகள் ஓடின. 1819 ஏப்ரலில்தான், பகோடாவுக்குப் போகும் சாலையோரத்தில் ஒரு ஸயாட், நம் ஊர்ச் சத்திரத்தைப் போன்ற திறந்த கொட்டகை, கட்டி, பர்மிய மொழியில் எல்லாருக்கும் பொதுவான முதல் ஆராதனையை நடத்தினார். அதே ஆண்டு ஜூன் மாதம் மாவுங் நாவ் என்ற முதல் பர்மியர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார். அன்றுவரை ஆறு ஆண்டுக் காத்திருப்பு. மேற்கத்தியக் கட்டடம் ஒன்றை எழுப்பி உள்ளே அழைக்காமல், வழிப்போக்கன் வந்து காலை நீட்டி உட்காரும் இடத்தில் அவன் மொழியில் பேசினார் என்பது எனக்கு இன்றும் நெஞ்சைத் தொடும் செய்தி. கத்தோலிக்கர்களுக்கு இந்தக் கதவு பிறகு திறந்தது. 1963 டிசம்பரில், கத்தோலிக்க ஆயர்கள் உலகெங்குமிருந்து கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப் பற்றிய ஏட்டை வெளியிட்ட பிறகுதான் இலத்தீன் பூசை படிப்படியாகத் தமிழ்த் திருப்பலியாக மாறியது. என் பாட்டியின் தோழி ஒருவர் புரியாத இலத்தீன் பூசை நடக்கும்போது கையில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்ததை நினைவுகூர்வார். அவருடைய பக்தியில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் முதல் தமிழ்ப் பூசையன்று அழுதுவிட்டாராம்.

சொற்களைக் கண்டு மிரள வேண்டாம்

ஒரே பொருளுக்குச் சபைக்குச் சபை வேறு சொல் வரும். இது புதியவர்களை மிகவும் குழப்புகிறது. பாப்டிஸ்டு, மெதடிஸ்டு சபைகளில் ஞானஸ்நானம் என்றால் கத்தோலிக்கக் கோயிலில் திருமுழுக்கு. இங்கே சுவிசேஷம், அங்கே நற்செய்தி. அப்பமும் திராட்சரசமும் பகிர்வது இங்கே திருவிருந்து, அங்கே நற்கருணை. இங்கே போதகர் அல்லது பாஸ்டர், அங்கே ஃபாதர். வயதானவர்கள் சாமியார் என்பார்கள். ஆராதனை என்றாலும் திருப்பலி என்றாலும் கூடி வருவதைத்தான் குறிக்கிறார்கள்.

கடவுளுக்கே பெயர் மாறியிருக்கிறது. பழைய கத்தோலிக்க ஜெபங்களில் சர்வேசுரன், பழைய புராட்டஸ்டண்டு நூல்களில் பராபரன், 1871-இல் வந்த வேதாகம மொழிபெயர்ப்பில் தேவன், 1995-இல் இரு சபைகளும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியத்தில் கடவுள். பர்மிய மொழியிலும் இதே தேடல் நடந்தது. பகோடாவுக்கும் புத்தருக்கும் வழங்கிய பயா என்ற சொல்லோடு, தலைவன் என்ற பொருள்தரும் தகின் சேர்ந்து, கிறிஸ்தவர்களுக்குப் பயாதகின் ஆயிற்று. எந்தச் சொல்லைக் கேட்டாலும் இது வேறு சாமியோ என்று எண்ண வேண்டாம்.

மாறாத ஒரு சொல் ஆமென். எபிரேயத்திலிருந்து கிரேக்கத்துக்கும், இலத்தீனுக்கும், தமிழுக்கும், பர்மிய மொழிக்கும் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே வந்த சொல். தமிழ்க் காதுக்கு அதில் ஒரு "ஆம்" ஒலிக்கும். வேர் அதுவன்று என்றாலும் பொருள் தூரமில்லை: உறுதி, அப்படியே ஆகட்டும்.

சனிக்கிழமை இரவு

ஆராதனை ஞாயிறு காலையில் தொடங்குவதாக நினைத்தால் பாதியை இழந்துவிடுவீர்கள். முந்தின இரவு இரண்டு காரியம் செய்யுங்கள்.

மறுநாள் வாசிக்கப்போகும் வேதபகுதியை யாரிடமாவது கேட்டு ஒரு முறை படித்துவிடுங்கள். கத்தோலிக்கத் திருப்பலியில் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் முன்பே வகுக்கப்பட்டிருக்கும், நாட்காட்டியிலேயே இருக்கும். மற்றச் சபைகளில் போதகரோ வாசிப்பவரோ சொல்வார்கள். தமிழ் பேசவரும், படிக்க வராது என்ற பிள்ளைகள் நம்மில் நிறைய. 1960-களின் நடுவில் பள்ளிகள் அரசுடைமையானபின் தமிழ் எழுத்து இந்துக் கோயில்களையும் சர்ச்சுகளையும் ஒட்டித்தான் பிழைத்திருக்கிறது. படிக்க வராதவர்கள் வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அல்லது பர்மிய வேதாகமத்தில் அதே அதிகாரத்தைப் படித்துவிட்டு வாருங்கள். எங்கள் பாடகர் குழுவில் பாதிப் பேர் தமிழ்ப் பாட்டைப் பர்மிய எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடுகிறார்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இன்னொரு காரியம் கடினமானது. யாரோடாவது பேச்சில்லாமல் இருந்தால், அந்த இரவே ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். காணிக்கையோடு பலிபீடத்தண்டை வந்தபின் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று இயேசு மத்தேயு 5-இல் சொல்லுகிறார். ஆராதனை வெறுமையாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னவர்களில் பலருக்கு, நான் கேட்டுப் பார்த்தால், காரணம் பாட்டிலோ பிரசங்கத்திலோ இருக்கவில்லை. அதே வரிசையில் உட்கார்ந்திருக்கும் அண்ணனோடு ஆறு மாதமாகப் பேச்சு இல்லை. அப்படி இருக்கும்போது எந்தப் பாட்டு உள்ளே இறங்கும்?

வாசலில்

கால் மணி நேரம் முன்னதாக வாருங்கள். பஸ்ஸும் சைக்கா என்ற மிதிவண்டி ரிக்ஷாவும் நேரத்துக்குக் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உடையில் சுத்தமும் அடக்கமும் போதும். சேலை, லோஞ்சி, கால்சட்டை எல்லாம் இருக்கும், கன்னத்தில் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசியபடியே பிள்ளைகள் வருவார்கள். வாசலில் செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றுங்கள். இல்லாவிட்டால் போட்டுக்கொண்டே உள்ளே போகலாம். சில பழைய சபைகளில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் உட்காருவது உண்டு. நடுவரிசையில், முன்னால் இரண்டு வரிசைக்காவது ஆட்கள் இருக்கும் இடத்தில் உட்காருங்கள். அப்போது எழுவதும் உட்காருவதும் தானாக வந்துவிடும். கடைசி வரிசை பாதுகாப்பாகத் தோன்றும், ஆனால் அங்கே பாட்டும் சரியாகக் கேட்காது, பக்கத்திலும் யாரும் இருக்க மாட்டார்கள்.

இளவயதில் நான் வேறோர் ஊரில் ஒரு கோயிலுக்குப் போயிருந்தபோது, உட்கார்ந்த இடத்திலிருந்து எழுப்பினார்கள். அது ஒரு குடும்பத்தாரின் வழக்கமான இடமாம். அன்று பாடிய ஒரு பாட்டுகூட எனக்கு நினைவில்லை; எழுந்து நின்றபோது முகம் எரிந்தது மட்டும் நினைவிருக்கிறது. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் அந்த ஒரு நாளை வைத்து முடிவு செய்யாதீர்கள். அடுத்த வாரம் வாருங்கள், முடியாவிட்டால் வேறு சபைக்குப் போங்கள். நான் வாசலில் நிற்கத் தொடங்கியதே அந்த நாளால்தான்.

பாடும்போது

முதல் பாட்டில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் அன்றைய நாள் முழுவதும் பார்வையாளராகவே இருந்துவிடுவீர்கள். பாட்டுத் தெரியாவிட்டால் பல்லவியை மட்டும் பாடுங்கள். நம் கீர்த்தனைகளின் அமைப்பே புதியவர்களுக்குக் கருணை காட்டுவது. பல்லவி திரும்பத் திரும்ப வரும், மூன்றாவது முறை வரும்போது உங்களுக்கும் வந்துவிடும். மேல்நாட்டு மெட்டில் வரும் பாமாலைப் பாட்டுகள் சற்றுக் கடினம். அவற்றில் பக்கத்தில் இருப்பவரின் குரலைப் பிடித்துக்கொண்டே போங்கள்.

சென்ற கோடையில் ஒரு ஞாயிறு, இரண்டாவது பாட்டின் நடுவில் மின்சாரம் நின்றது. இங்கே அது புதிதில்லை. மின்விசிறி ஓய்ந்தது, கீபோர்டு பாதி ஸ்வரத்தில் அறுந்தது, ஒலிபெருக்கி செத்தது. பாடகர் குழு திகைத்து நிறுத்திவிட்டது. மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு பாட்டி மட்டும் நிறுத்தவில்லை. கண்ணை மூடியிருந்ததால் அவருக்கு எதுவும் தெரியவில்லையோ என்னவோ, நடுங்கும் குரலில் அனுபல்லவியைப் பிடித்துப் போய்க்கொண்டே இருந்தார். இரண்டு வரி அவர் தனியாகப் பாடினார். பிறகு ஒவ்வொரு வரிசையாகச் சேர்ந்துகொண்டது. ஒலிபெருக்கி இல்லாததால் அன்றுதான் எனக்கு எங்கள் சபையின் குரல் முழுதாகக் கேட்டது: சந்தைக்காரர்களின் கரகரத்த குரல், சுருதி சேராத சிறுவர்கள், பின்னாலிருந்து ஒரு நல்ல கட்டைக் குரல். அது யாருடையது என்று திரும்பிப் பார்த்தேன். முதல் வாரம் வந்திருந்த ஒரு தம்பி. புத்தகம் தலைகீழாக இருந்தது, பல்லவியை மட்டும் பாடிக்கொண்டிருந்தார்.

பாடகர் குழு உங்களுக்காகப் பாடுவதில்லை, உங்களைப் பாடவைக்கப் பாடுகிறது. குழு மட்டும் பாடிச் சபை கேட்டுக்கொண்டிருக்கும் இடங்களை எனக்குப் பிடிக்கவில்லை. ரோம அதிகாரி பிளினி, கிட்டத்தட்ட கி.பி. 112-இல் பேரரசனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவை நோக்கி மாறிமாறிப் பாட்டுப் பாடுகிறார்கள் என்று தெரிவிக்கிறார். அவர்களை விசாரித்துத் தண்டித்தவர் எழுதியது அது. அவர் கண்ணில் பட்டதே அந்தக் கூட்டுக் குரல்தான்.

அறிக்கை, வாசிப்பு, பிரசங்கம்

பாட்டை அடுத்துப் பாவ அறிக்கை வரும். சபையாகச் சொல்லும் சொற்களுக்கு முன்னும் பின்னும் ஒரு சிறு மௌனம் இருக்கும். அந்த வாரத்தின் ஒரு காரியத்தை, ஒன்றே ஒன்றை, பெயர் சொல்லி நினையுங்கள். பொதுவாகப் பாவி என்று சொல்லிக்கொள்வது எளிது. செவ்வாய்க்கிழமை கடையில் வேலைக்காரப் பெண்ணிடம் கத்தியதை நினைப்பது கடினம்.

வாசிப்பின்போது சுவிசேஷத்துக்கு மட்டும் பல சபைகளில் எழுந்து நிற்பார்கள். பிரசங்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீண்ட பிரசங்கங்களும் உண்டு, நல்லவையும் உண்டு. முழுவதையும் பிடிக்க முயலாமல் ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். புரியாத இடத்தைத் தேநீர் நேரத்தில் போதகரிடமே கேளுங்கள்; கேட்டால் மகிழாத போதகரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஜெபமும் ஆமெனும்

இங்கேதான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். ஒருவர் முன்னால் நின்று ஜெபிக்கும்போது மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொந்த நினைவுகளில் போய்விடுகிறார்கள். முடிவில் "ஆமென்" என்ற ஒலி கேட்டதும் கண் திறக்கிறார்கள், விளக்குப் போட்டதும் விழிப்பதைப் போல.

யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ அறிஞர் ஏறத்தாழ கி.பி. 155-இல் ரோமப் பேரரசனுக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் ஒளிந்து என்ன செய்கிறார்கள் என்ற சந்தேகத்தைத் தீர்க்க, ஞாயிறு கூட்டத்தில் நடப்பதைப் படிப்படியாகச் சொன்னார். ஒரு வகையில் புதியவர்களுக்கான முதல் வழிகாட்டியே அதுதான். நேரம் அனுமதிக்கும்வரை அப்போஸ்தலர்களின் நினைவுகளையும் தீர்க்கதரிசிகளின் எழுத்துகளையும் வாசிக்கிறோம். தலைவர் புத்தி சொல்லுகிறார். எல்லாரும் எழுந்து ஜெபிக்கிறோம். அப்பமும் திராட்சரசமும் தண்ணீரும் கொண்டுவரப்படும். தலைவர் நன்றி செலுத்துகிறார். மக்கள் ஆமென் என்று சம்மதம் தெரிவிக்கிறார்கள். ஆமென் என்றால் எபிரேயத்தில் "அப்படியே ஆகட்டும்" என்று பேரரசனுக்குப் பொருளும் சொல்லுகிறார். இன்று நீங்கள் யாங்கூனில் காணப்போகும் ஒழுங்கு ஏறக்குறைய இதேதான். அதில் மக்களுக்கென்று எடுத்துச் சொல்லப்பட்ட சொல் இந்த ஒன்றே. ரோமில் ஆமென் சத்தம் இடி முழங்குவதைப் போல ஒலித்தது என்று இரு நூற்றாண்டுகளுக்குமேல் கழித்து, வேதாகமத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் எழுதுகிறார்.

ஆமென் என்பது கையெழுத்து. பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவோமா? ஜெபிப்பவரின் ஒவ்வொரு வரியையும் காதால் பின்தொடருங்கள். நோயாளியின் பெயர் வந்தால் அந்த முகத்தை நினையுங்கள், தெரியாத பெயரென்றால் பின்னர் யாரென்று கேளுங்கள். 2025 மார்ச் 28-இல் மாந்தலே, சகாயின் பக்கம் நிலநடுக்கம் வந்தபின் எங்கள் சபையில் ஒவ்வொரு வாரமும் அந்த ஊர்களின் பெயர்கள் ஜெபத்தில் வந்தன. அங்கே உறவினர் யாரும் இல்லாதவர்களும் உரத்த குரலில் ஆமென் சொன்னார்கள். உறவினர் இருந்த ஒரு அம்மா பின்னர் என்னிடம், "நான் வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பேசாமல் நின்றேன். எனக்கும் சேர்த்து நீங்கள் எல்லாரும் சொன்னீர்கள்" என்றார்.

உள்ளே ஒன்றும் நடக்கவில்லையே என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதிலேயே இருக்கிறது. எல்லா ஞாயிறும் மனம் பொங்காது. எனக்கும் வறண்ட வாரங்கள் உண்டு, சில சமயம் மாதக்கணக்கில். அப்படிப்பட்ட நாளில் உங்களால் ஜெபிக்க முடியாமல் போகலாம், ஆனால் வேறொருவர் ஜெபத்துக்கு ஆமென் சொல்ல முடியும். அந்த ஒன்றை முழு மனதோடு சொன்னால் அன்று நீங்கள் ஆராதித்தாயிற்று.

காணிக்கை

பை உங்களிடம் வரும்போது கட்டாயம் எதுவும் இல்லை. முதல்முறை வந்தவர் சும்மா கைமாற்றிவிடலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். கொடுப்பதானால் வீட்டிலேயே எடுத்து வைத்துக்கொண்டு வாருங்கள். அங்கே பர்ஸைத் திறந்து கியாட் தாள்களில் அழுக்கானதைத் தேடுவது நன்றாக இராது.

எங்கள் வீட்டில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும். அம்மா ஒவ்வொரு வேளையும் உலைக்கு அரிசி அளந்தபின், அளந்த அரிசியிலிருந்தே ஒரு பிடி எடுத்து அதில் போடுவார். பிடி அரிசிக் காணிக்கை. தமிழ்நாட்டுக் கிராமச் சபைகளிலிருந்து எங்கள் பாட்டிமார் கொண்டுவந்த வழக்கம். பானையிலிருந்து தனியாக எடுக்கக் கூடாதா என்று சிறுவயதில் கேட்டேன். "அப்படி எடுத்தால் மிச்சத்தைக் கொடுப்பது ஆகும். நம் சோற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும்" என்றார். மாதக் கடைசியில் அந்த அரிசி கோயிலுக்குப் போகும், அங்கிருந்து இல்லாத வீடுகளுக்குப் போகும். யுஸ்தீன் சொல்லும் கணக்கும் இதுதான்: சேர்ந்தது அநாதைகளுக்கும், விதவைகளுக்கும், நோயாளிகளுக்கும், சிறையில் இருப்பவர்களுக்கும், ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கும். விலைவாசி இப்படி ஏறியிருக்கும் நாளில் ஒரு பிடி அரிசியை அற்பம் என்று யாரும் சொல்ல முடியாது.

திருவிருந்து

இதில் மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கத்தோலிக்கத் திருப்பலியில் திருமுழுக்குப் பெற்று, முதல் நற்கருணை வாங்கிய கத்தோலிக்கர்களே நற்கருணை பெறுவார்கள். மற்றச் சபைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை உண்டு. சில சபைகளில் மாதத்துக்கு ஒரு முறைதான் திருவிருந்து நடக்கும். உங்களுக்கு உரியதில்லை என்றால் இருக்கையிலேயே அமைதியாக இருங்கள். வரிசையில் போய்விட்டுத் திரும்பி வரச் சங்கடப்படுவதைவிட அது நல்லது. உட்கார்ந்திருப்பதை அவமானமாக எண்ண வேண்டாம். முன்னால் போகிறவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்து அவர்களுக்காக ஜெபிக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

நற்கருணை பெறுகிறவரிடம் "கிறிஸ்துவின் உடல்" என்று குருவானவர் சொல்ல, அவர் "ஆமென்" என்று சொல்லிப் பெறுகிறார். சபையாகச் சேர்ந்து சொன்ன சொல்லை இங்கே ஒவ்வொருவரும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உற்றுக் கேளுங்கள், ஒருவருடையது போல இன்னொருவருடையது இருக்காது.

கொரிந்து சபையார் திருவிருந்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று பவுல் அதே நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தில் கோபப்படுகிறார். குற்றம் என்னவென்றால், வசதி உள்ளவர்கள் முன்னதாக வந்து சாப்பிட்டுவிட்டார்கள், மற்றவர்கள் பசியோடு நின்றார்கள். அவர் சொன்ன மருந்து மிக எளியது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். எங்கள் சபையில் காலைச் சந்தையில் கீரை விற்கும் ஒரு அக்கா எப்போதும் பிரசங்கம் பாதி போனபிறகுதான் வருவார். வியாபாரத்தை அதற்குமுன் முடிக்க முடியாது. நடைபாதை ஓரத்தில் அவருக்கு ஓர் இடம் காலியாகவே இருக்கும். அதன்மேல் யாராவது ஒரு பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்திருப்பார்கள், அடுத்த பாட்டின் பக்கத்தில். புதிதாக வருகிறவர்கள் அந்த இடத்தில் உட்காரப் போனால் மட்டும் நான் மெதுவாகப் பக்கத்து இடத்தைக் காட்டுவேன்.

முடிந்த பிறகு

ஆசீர்வாதம் சொன்னவுடன் கிளம்பிவிடாதீர்கள். தேநீர் இருக்கும், சில நாள் மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸோ இட்லியோ இருக்கும். பெயர் கேட்பார்கள், எந்த ஊர் பூர்வீகம் என்று கேட்பார்கள், தாத்தா தஞ்சாவூரா இராமநாதபுரமா என்று விசாரிப்பார்கள். இது வம்பு பேசுவது போலத் தோன்றலாம். அடுத்த வார ஜெபத்தில் உங்கள் அம்மாவின் மூட்டுவலி வருவது இந்தப் பேச்சிலிருந்துதான்.

பண்டிகை நாட்களில் மட்டும் வந்தால் போதுமா என்று சிலர் கேட்கிறார்கள். கிறிஸ்துமஸ் இங்கே அரசு விடுமுறை, கோயில் நிரம்பி வழியும். பிப்ரவரியில் லூர்து மாதா திருவிழாவுக்கு ஞாவுங்லேபின் என்ற ஊருக்குப் போகும் கூட்டத்தில் எல்லா இனத்தவரும் எல்லா மதத்தவரும் இருப்பார்கள். அவற்றுக்குக் கட்டாயம் வாருங்கள். ஆனால் பழக வேண்டுமென்றால் மழைக்காலத்தில், கூட்டம் குறைந்த ஒரு சாதாரண ஞாயிறன்று வாருங்கள். அன்றுதான் உங்கள் குரல் தேவைப்படும்.

இன்னும் ஒரு படி இருக்கிறது, அது வாரநாளில் வருவது. யுஸ்தீனின் விவரிப்பில், கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மூன்றாம் மாதமோ நான்காம் மாதமோ, நோயாளிகளைப் பார்க்கப் போகும் மூத்தவர்களோடு நீங்களும் போங்கள். இரண்டு வாழைப்பழமோ ஒரு ரொட்டியோ வாங்கிக்கொள்ளுங்கள். மாடிப்படி செங்குத்தாக இருக்கும், கைவிளக்கு வைத்திருங்கள். ஜெபிக்கட்டுமா என்று முதலில் கேளுங்கள். சுவர் ஒட்டிய வீடுகள், ஆகவே பாட்டை மெல்லப் பாடுங்கள். ஜெபத்தை ஐந்து நிமிடத்துக்குள் முடியுங்கள். படுக்கையில் இருப்பவருக்கு அதற்குமேல் தாங்காது. முடித்தவுடன் நீங்களே ஆமென் என்று சொல்லி எழுந்துவிடாதீர்கள். அவருக்குச் சொல் வர நேரமாகும். அவர் சொல்லும்வரை உட்கார்ந்திருங்கள்.